பெற்றோர் கூடினால் பிள்ளைகள் பிழைக்கும்

ஊர்தோறும் தாய் தந்தையர் குழு அமைப்பது பற்றி ஒரு விளக்கம்



கார்த்திகை தீபத்தன்று நம் அண்ணாமலையின் உச்சியில் எரியும் ஜோதியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொப்பரையில் ஊற்றும் நெய் ஒரு வீட்டு நெய்யா? இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்களால் முடிந்த அளவு கொடுக்கும் நெய் அது. அதை மலைமேல் சுமந்து செல்லும் தோள்களும் பல. அதனால்தான் அந்த விளக்கு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தெரிகிறது.

பிள்ளை வளர்ப்பும் அப்படித்தான். பெற்றவர்கள் இருவர்தான் என்றாலும், அந்தப் பிள்ளை உயிரோடும் திடத்தோடும் வளர ஒரு தெருவே துணை நிற்க வேண்டியிருக்கிறது. அந்தத் துணையை எப்படி ஏற்படுத்திக் கொள்வது என்பதைத்தான் இந்த வெளியீடு சொல்லப் போகிறது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு தெருவில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்பு செங்கம் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு நான் போயிருந்தேன். முந்தின நாள் இரவு அங்கே பதினோரு நாள் குழந்தை ஒன்று இறந்து போயிருந்தது. தலைப்பிரசவம். தகப்பன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். செய்தி கேட்டு அவன் ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்கும் இடத்தில் கேள்வி கேட்பது சங்கடம்தான். ஆனாலும் அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமே! மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

தாய் சொன்னாள்: "காலையிலேர்ந்து பால் சரியா குடிக்கலைங்க. தூங்குதுன்னு நெனச்சேன்."

மாமியார் சொன்னார்: "மத்தியானம் தொட்டுப் பார்த்தேன், ஒடம்பு சில்லுனு இருந்தது. பனிக் காலமாச்சேன்னு துணியைப் போட்டு மூடினேன்."

இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எம் புள்ளைக்கும் போன வருசம் இப்பிடித்தான் ஆச்சு. ஒடனே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். பொழைச்சுக்கிச்சு. எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் சொல்லியிருப்பேனே!"

எதிர் வீட்டில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் யாரும் கேட்கவில்லை.

தம்பதியரே, யோசித்துப் பாருங்கள். ஆபத்தின் அடையாளம் தாயின் கண்ணில் பட்டிருக்கிறது. இன்னோர் அடையாளம் பாட்டியின் கையில் பட்டிருக்கிறது. அது என்ன நோய், எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவள் இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். வண்டி எதிர் வீட்டில் இருக்கிறது. இத்தனையும் ஒரே தெருவில் இருந்தும் ஒன்றோடொன்று சேரவில்லை. பிள்ளை போய்விட்டது.

மாதம் ஒரு முறை அந்தத் தெருப் பெற்றோர் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருந்தால்?

பெற்றோர் குழு என்றால் என்ன?

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய் தந்தையரும், கர்ப்பிணிப் பெண்களும், புதிதாக மணமானவர்களும் ஒன்றுகூடி, பிள்ளை வளர்ப்பில் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ளும் கூட்டமே பெற்றோர் குழு. இதை நடத்துபவர் அதிகாரி அல்லர். நர்சம்மாவும் அல்லர். உங்களில் ஒருவரே நடத்துவார்.

"நர்சம்மா வந்து சொல்றாங்களே, அது போதாதா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர் சமவெளியில் சுமார் 5,000 பேரையும், மலைப் பகுதியில் சுமார் 3,000 பேரையும் பார்க்க வேண்டியவர். உங்கள் தெருவுக்கு அவர் மாதத்தில் எத்தனை நாள் வர முடியும்? மற்ற நாட்களில் பிள்ளைக்குப் பேதியானாலும் ஜுரம் வந்தாலும் பக்கத்தில் இருப்பவர் அண்டை வீட்டு அக்காதான்.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் சொன்னால், "படிச்சவங்க, சம்பளம் வாங்கறவங்க, சொல்லிட்டுப் போவாங்க" என்று நினைக்கிறீர்கள். உங்களைப் போலவே கூலி வேலைக்குப் போய், அதே ரேஷன் அரிசியைப் பொங்கி, அந்தப் பிள்ளையைக் கொழுகொழுவென்று வளர்த்த ஒருத்தி சொன்னால், "அவளால ஆவுதுன்னா நம்மாலயும் ஆவும்" என்று நம்பிக்கை பிறக்கிறது.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த முன்மாதிரி

1980ஆம் ஆண்டு உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் செய்து பார்த்து, பிறகு மற்றப் பகுதிகளுக்கு விரிவாக்கினார்கள். சுமார் 1,500 பேருக்கு ஒரு ஊட்டச்சத்து மையம். அந்த மையப் பணியாளரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழைக் குடும்பமாக இருந்தாலும் தன் பிள்ளைகளை நல்ல ஆரோக்கியத்துடன் வளர்த்தவளாக இருந்தால் அவளுக்கு முன்னுரிமை. பட்டத்தைவிடப் பிள்ளை வளர்த்த அனுபவத்தை அங்கே பெரிதாக மதித்தார்கள்.

6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் சத்து உருண்டை கொடுத்தார்கள். 500 கிராமாவது கூடிவிட்டால் நிறுத்திவிட்டு, வீட்டுச் சாப்பாட்டிலேயே தேற்றும் வழியைத் தாய்க்குக் காட்டினார்கள்.

இந்த மையங்களுக்குத் துணையாக ஊர்ப் பெண்களைக் கொண்ட மாதர் குழுக்கள் அமைக்கப்பட்டன. எடை போடும் நாளில் பிள்ளைகளை அழைத்து வருவது, வராத வீட்டுக்குப் போய் விசாரிப்பது, சமையல் செய்து காட்டுவது என்று அவர்கள் உதவினார்கள். சில இடங்களில் சத்து உருண்டை தயாரிக்கும் வேலையையும் பெண்கள் குழுக்களே ஏற்றன. இரண்டாம் கட்டத்தோடு 1997ஆம் ஆண்டு முடிந்த இத்திட்டத்தில், கடுமையான சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்தது. "என் பிள்ளை இந்த மாசம் ஏறலை" என்று தாயே முதலில் கண்டுபிடித்துச் சொல்லும் பழக்கம் வந்தது இதில் பெரிய ஆதாயம்.

வெளியூர்களில் கண்ட பலன்

நேபாள நாட்டில் மக்வான்பூர் என்ற மலை மாவட்டத்தில் 2001 முதல் 2003 வரை ஒரு சோதனை செய்தார்கள். சில கிராமங்களில் பெண்கள் மாதந்தோறும் கூடிப் பிரசவம் பற்றியும் பச்சிளங் குழந்தை பற்றியும் பேசினார்கள். அந்தக் கிராமங்களில், பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் மற்ற கிராமங்களைவிடச் சுமார் 30 சதவீதம் குறைந்தனர்.

அடுத்து நம் நாட்டிலேயே, ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடி மக்கள் மிகுந்த மூன்று மாவட்டங்களில் ஏக்ஜுட் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 2008 வரை இதே முறையைக் கையாண்டது. பெரிய கட்டடமோ புதிய மருந்தோ அங்கே வரவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருத்தி படங்களைக் காட்டி, கதை சொல்லி, விளையாட்டு வைத்துக் கூட்டம் நடத்தினாள். "இது ஏன் நடந்தது? அதற்கும் ஏன்? அதற்கும் ஏன்?" என்று கேட்டுக் கேட்டு, மூலகாரணத்தைப் பெண்களே கண்டுபிடித்தார்கள். மூன்று ஆண்டுகளில் பச்சிளங் குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைந்தது. முதல் வருஷத்தை விட்டுவிட்டு, அடுத்த இரண்டு வருஷங்களை மட்டும் பார்த்தால் 45 சதவீதம் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்தது. தங்கள் துயரத்தைக் கேட்க ஆள் இருக்கிறது என்பதே பாதி மருந்து அல்லவா?

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது: முதல் வருஷத்திலேயே பலன் கிடைக்கவில்லையே என்று குழுவைக் கைவிடக் கூடாது.

உங்கள் தெருவில் குழு அமைப்பது எப்படி?

1. முதலில் நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். பிறகு நான்கு வீட்டுக்குப் போய் அழையுங்கள். ஐந்து குடும்பம் வந்தாலும் தொடங்கலாம். பதினைந்து, இருபது குடும்பத்துக்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்துக் கொள்ளுங்கள். கூட்டம் பெரிதானால் கூச்சமுள்ளவர் வாய் திறக்க மாட்டார்.

2. மாதம் ஒரு நாள், ஒரே நேரம். எல்லோரும் நிலத்திலிருந்து திரும்பி, மாடு கட்டி, கறவை முடித்த பிறகு வைத்துக் கொள்ளுங்கள். பௌர்ணமி அன்று வேண்டாம். கிரிவலத்துக்கும், கடை போடவும் பலர் டவுனுக்குப் போய்விடுவார்கள்.

3. எல்லோரும் தயக்கமின்றி வரக்கூடிய இடமாகப் பாருங்கள். ஒரு சாராரின் கோவில் திண்ணையில் இன்னொரு சாரார் வந்து உட்காரத் தயங்கினால் அந்த இடம் ஆகாது. பாலவாடி, பள்ளிக்கூடத் தாழ்வாரம், பொது மரத்தடி நல்லது. காலனிப் பெற்றோரும் ஊர்ப் பெற்றோரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். அம்மைக்கும் பேதிக்கும் தெரு வித்தியாசம் தெரியாது.

4. மாமியார்களைக் கட்டாயம் அழையுங்கள். வீட்டில் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் அவர்தான். அவரை விட்டுவிட்டு மருமகளுக்கு மட்டும் சொன்னால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

5. நடத்துபவர் ஒருவர், கணக்கும் குறிப்பும் எழுதுபவர் ஒருவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். இது மிக முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

6. முதல் நாளே பணம் வசூலிக்காதீர்கள். ஆள் நம்பிக்கை வளர்ந்த பிறகு, அவசர வண்டிச் செலவுக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்டு சிறு தொகை சேர்க்கலாம். அதன் கணக்கை மாதந்தோறும் உரக்கப் படிக்க வேண்டும்.

கூட்டங்களில் என்ன பேசலாம்?

ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம் போதும். முதல் ஆறு மாதத்துக்கு இந்த வரிசையை வைத்துக் கொள்ளலாம்.

முதல் மாதம் – பச்சிளங் குழந்தையின் ஆபத்து அடையாளங்கள்: பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, உடல் சில்லிடுவது அல்லது காய்வது, நெஞ்சு உள்ளிழுத்து மூச்சு வாங்குவது, நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுவது, வலிப்பு, தொப்புளில் சீழ், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள். இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108க்குப் பேசுங்கள். போகும் வழியில் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து, மேலே துணியால் மூடிக் கதகதப்பாக வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதம் – தாய்ப்பால்: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். அதைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சீனித் தண்ணீர், கழுதைப்பால், உரை மருந்து எதுவும் வேண்டாம். தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ வைக்க வேண்டாம்.

மூன்றாம் மாதம் – ஆறு மாதத்துக்குப் பின் ஊட்டம்: தாய்ப்பாலோடு குழைந்த சோறு, பருப்பு, கேழ்வரகுக் கூழ், மசித்த கீரை, முட்டை, ஒரு சொட்டு எண்ணெய். பாலவாடியில் கொடுக்கும் சத்துமாவு பிள்ளையின் பங்கு. வீட்டில் எல்லோரும் பங்கிட்டால் பிள்ளைக்கு மிஞ்சாது. பிறக்கும்போது 2½ கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐந்து மாத வாக்கில் அது இரண்டு மடங்காகவும், ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆக வேண்டும்.

நான்காம் மாதம் – பேதி: இங்கே ஒரு பாத்திரம், கரண்டி வைத்துக் கொண்டு எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய ½ டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. பால் கொடுப்பதையும் சோறு கொடுப்பதையும் நிறுத்தக் கூடாது. செவிலியர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். "தோஷம் பட்டிருக்கு, மாந்தம்" என்று மந்திரிக்கப் போவதானாலும், கரைசலை ஊட்டிக்கொண்டே போங்கள். கண் உள்வாங்கியிருந்தாலோ, குடிக்க மாட்டாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

ஐந்தாம் மாதம் – தடுப்பூசி: ஒவ்வொருவரும் அட்டையைக் கொண்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் அட்டையைச் சரிபார்க்க வேண்டும். விட்டுப் போனவர்களைச் சேர்த்துப் புதன்கிழமை ஒன்றாக அழைத்துப் போங்கள்.

ஆறாம் மாதம் – பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி: ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டாவது ஆக வேண்டும். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, மாத்திரை, ஆணுறை என்று வழிகள் பல. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கணவன் மனைவி இருவரின் விருப்பம். குழுவில் யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சோதித்துச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் எல்லோரும் அறிய வேண்டும்.

ஒரு கூட்டத்தில் கேட்டது

கீழே உள்ளது ஒரு குழுக் கூட்டத்தில் நடந்த பேச்சு. உங்கள் கூட்டமும் இப்படித்தான் இருக்கும்.

நடத்துபவர்: இந்த மாசம் எடை போட்டோமே, யார் புள்ளைக்கு ஏறலை? வெக்கப்படாம சொல்லுங்க.

ஒரு தாய்: எம் பொண்ணுக்குத்தான்க்கா. ரெண்டு மாசமா அப்பிடியே நிக்குது. பாலவாடி டீச்சர் மஞ்சள் பட்டையில வந்துட்டுதுன்னு சொன்னாங்க.

மாமியார்: நானும் மூணு வேளை ஊட்டறேன். துப்புது.

நடத்துபவர்: ஆயா, என்ன ஊட்டறீங்க?

மாமியார்: ரசம் சோறுதான். காரம் ஆவாதுன்னு ரசத்துத் தெளிவை ஊத்தறேன்.

இன்னொரு தாய்: அத்தே, எங்க பையனும் அப்பிடித்தான் இருந்தான். ரசத்துல என்ன சத்து இருக்கு? பருப்பை நல்லா வேகவெச்சு, சோத்தோட மசிச்சு, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, மூணு வேளைக்குப் பதிலா அஞ்சு வேளையா கொஞ்சம் கொஞ்சமா குடுத்தேன். தனித் தட்டுல வெச்சேன். அப்பதான் எவ்ளோ தின்னான்னு தெரிஞ்சுது.

ஒரு தந்தை: அஞ்சு வேளை யார் ஊட்டறது? அவளும் நூறு நாள் வேலைக்குப் போறா.

நடத்துபவர்: நீங்க சாயங்காலம் வந்துடறீங்களே மாமா, ஒரு வேளை நீங்க ஊட்டலாமே?

(எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "சரி, ராத்திரிச் சோறு என் பொறுப்பு" என்றார். குறிப்பு நோட்டில் எழுதப்பட்டது. அடுத்த மாதம் 300 கிராம் ஏறியிருந்தது.)

இதில் யாராவது பாடம் நடத்தினார்களா? இல்லை. ஒருத்தி தான் பட்டதைச் சொன்னாள். இன்னொருத்தி எடுத்துக் கொண்டாள். கூட்டம் முடியும்போது ஒருவர் பெயரோடு ஒரு வேலை நோட்டில் ஏறியது. அடுத்த மாதம் அதை விசாரித்தார்கள். பேசுவது, ஏற்பது, விசாரிப்பது. குழுவின் வேலை இந்த மூன்றும்தான்.

தந்தையரே, உங்களுக்குத் தனியாக ஒரு சொல்

"பொம்பளைங்க கூடற எடத்துல நமக்கென்ன?" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடாதீர்கள். இரவில் வண்டி பிடிப்பவர் நீங்கள். கையில் இருக்கும் காசை மருந்துக்கா, மற்றதற்கா என்று முடிவு செய்பவரும் பல வீடுகளில் நீங்களே. செங்கல் சூளைக்கோ, பெங்களூருக்கோ போகிறவர்கள், போகுமுன் குழுவில் சொல்லிவிட்டுப் போங்கள்: "எம் பெண்டாட்டி ஏழு மாசம். நான் இல்லாதப்ப இன்னார் வீட்டு வண்டி, இன்னார் கூடப் போவாங்க" என்று ஏற்பாடு செய்து, கைப்பேசி எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.

போதுமான பிள்ளைகள் பிறந்த பின், ஆண் கருத்தடை சிகிச்சை பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கத்தியின்றி, தையலின்றிச் சில நிமிடங்களில் முடிவது அது. பலமும் ஆண்மையும் குறையாது. செய்துகொண்ட பின் மூன்று மாதம் வரை, பரிசோதனை செய்து உறுதியாகும் வரை, வேறு பாதுகாப்பு தேவை. செய்துகொண்ட ஒருவர் குழுவில் எழுந்து சொன்னால், அது எங்களுடைய நூறு சுவரொட்டிக்குச் சமம்.

பிள்ளை மெதுவாக வளர்ந்தால்

கழுத்து நிற்காத, நடக்காத, பேசாத பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். "முற்பிறவிப் பாவம்" என்று ஊரார் சொல்லும் சொல்லுக்குப் பயந்து அந்தத் தாய் விசேஷத்துக்கும் போவதில்லை. அவரையே முதலில் அழையுங்கள். பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981ஆம் ஆண்டு எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவரே விபத்தில் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். பிறர் பரிதாபத்தை எதிர்பாராமல், மாற்றுத்திறனாளி தானே தலைமை ஏற்கலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி. பெற்றோருக்கும் அது பொருந்தும்.

குழுவிலிருந்து ஊர்த் தலைமைக்கு

"பத்துப் பேர் எதிரில் பேசவே நாக்கு ஒட்டிக்குது, நான் எங்கே தலைமை தாங்கறது?" என்பீர்கள். தலைமை ஒரே நாளில் வருவதில்லை. முதலில் பாயில் உட்கார்ந்து தன் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறாள். பிறகு மற்றவர் பிள்ளையை விசாரிக்கிறாள். பிறகு, "பாலவாடிக்குத் தண்ணீர் இல்லையே" என்று பத்துப் பேரோடு போய்க் கேட்கிறாள். நம் மாநிலத்தின் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இப்படித்தான் வளர்ந்தன. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிறு தொடக்கம். 12 முதல் 20 பெண்கள் கொண்ட குழுக்கள். 1997–98இல் அது மகளிர் திட்டமாக விரிந்தது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தொண்டர்களாக வந்தவர்கள் இந்தக் குழுப் பெண்களே.

பெற்றோருக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016இல் தமிழ்நாடு அதைப் பாதியாக உயர்த்தியது. நாற்காலி போட்டாகிவிட்டது. உட்காரப் பழகிய ஆள்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தைக் குழுவின் பாய் கொடுக்கும்.

கிராம சபை ஆண்டில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முந்தின குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கையை முடிவு செய்யுங்கள். எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்திடுங்கள். யார் எழுந்து பேசுவது என்று முடிவு செய்து, ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

வரக்கூடிய இடைஞ்சல்கள்

ஒருவரே எப்போதும் பேசுவது: தலைவியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொன்னது இதற்காகத்தான். நன்றாகப் பேசுகிறவரே நடத்திக்கொண்டிருந்தால், மற்றவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். திக்கித் திக்கிப் பேசுபவருக்கும் முறை வர வேண்டும்.

வீட்டுக் கதை வெளியே போவது: "இங்கே பேசியது இங்கேயே" என்று முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருத்தியின் துயரம் அடுத்த நாள் குழாயடியில் பேச்சானால், அவள் மறுபடி வர மாட்டாள்.

தவறான வைத்தியம் பரவுவது: அனுபவத்தில் நல்லதும் உண்டு, தப்பும் உண்டு. சந்தேகமானதை நோட்டில் எழுதி, செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு, அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லுங்கள்.

கட்சி, சீட்டு, கடன்: இவை குழுவுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் மறந்து போகும். தனியே வைத்துக் கொள்ளுங்கள்.

அந்தத் தெருவுக்கு மறுபடியும்

முதலில் சொன்ன செங்கம் பக்கத்துத் தெருவில், அந்த வருஷமே ஒரு குழு தொடங்கியது. முதல் கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வரவில்லை. நான்காம் கூட்டத்துக்கு வந்து, பின்னால் சுவரோரம் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. ஏழாம் கூட்டத்தில் ஒரு கர்ப்பிணி, "ஆபத்துன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லுமுன் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது: "பால் குடிக்கலைன்னா தூங்குதுன்னு நெனைக்காதே. எழுப்பிப் பாரு. எழுந்திருக்கலைன்னா என்னைக் கூப்பிடு. எந்நேரமானாலும் கூப்பிடு."

இப்போது அந்தக் குழுவை அவள் நடத்தும் முறை. எதிர் வீட்டு ஷேர் ஆட்டோக்காரரின் எண் பாலவாடிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அதை எழுதச் சொன்னவர் அவரே.

தம்பதியரே! உங்கள் தெருவிலும் தெரிந்தவர் இருக்கிறார். பயப்படுபவர் இருக்கிறார். வண்டி வைத்திருப்பவர் இருக்கிறார். ஒரு பாயை விரியுங்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம்.
ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம்.
ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர்.
ஆறு மாதத்துக்கு ஒரு புதிய தலைவர்.
ஆபத்து என்றால் உடனே 108.

இந்த வெளியீட்டைப் படித்தபின் எறிந்துவிடாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். குழு தொடங்கும் நாளை உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். முதல் கூட்டத்துக்கு அவரும் வந்து உங்களோடு பாயில் உட்காருவார்.